பிம்லாட்ஸில் ஒற்றை வரிசை

கிரிம்ஸ்பி
7 அக்டோபர் 2018

க்ராய்டன் துரை கர்டிஸுக்கு,

என் எண்ணைத் தடுத்துவிட்டாய். என் எண்ணத்தைத் தடுக்க உன் போனில் பொத்தான் கிடையாது. ஆகவே தபால்தலை. அறுபத்தேழு பென்ஸ் செலவழித்துத் திட்டுகிறேன், வீணாக்காமல் முழுதும் படி.

பந்தயக் கம்பெனியிலிருந்து பேசுவதாக நான் நடித்தது தப்புதான். ஆனால் உன் கணக்குக்குள் ஒரு வாத்து புகுந்துவிட்டது என்று ஒருத்தி போனில் சொன்னால், சொந்தத் தங்கையின் குரல் என்று தெரிய வேண்டாமா? நாலு நிமிடம் நம்பினாய். கடைசியில் அது எவ்வளவு பெரிய வாத்து என்று கேட்டாய். அதற்குமேல் சிரிக்காமல் இருக்க நான் என்ன பொம்மையா?

ஜூலையில் நீ அம்மாவோடு சண்டை போட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போன பிறகு நடந்த பெரிய விசேஷம், எனக்கு பிம்லாட்ஸ் கடையில் சனிக்கிழமை வேலை. மூன்றாவது மாடியில் அம்மா இருபத்திரண்டு வருடமாகத் திரைச்சீலை விற்கிறாள். கீழ்த்தளத்தில் நான் மின்சாரக் கெண்டி விற்கிறேன். திரைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் கீழே இருக்கும் எனக்குத்தான் தெரிகிறது.

கூரை ஒழுகுகிறது. சொட்டும் இடத்திலெல்லாம் விற்பனை வாளிகளையே வைத்திருக்கிறோம், விலைச்சீட்டோடு. ஒரு பெரியவர் தண்ணீரோடு சேர்த்து ஒன்றை வாங்கிப்போனார். நகரும்படி இருந்த படிக்கட்டு ஆகஸ்டிலிருந்து நகராதபடி நிற்கிறது. சரக்கு வருவது பாதியாகிவிட்டது. அதனால் மேனேஜர் டிரான்டர் ஒரு கட்டளை போட்டார்: ஒவ்வொரு அலமாரியிலும் இருப்பதையெல்லாம் முன்விளிம்புக்கு இழுத்து ஒற்றை வரிசையாக நிறுத்த வேண்டும், பின்னால் காலிப் பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் கடை பிதுங்கும். நேற்று ஓர் அம்மையார் பின்னாலிருந்து ஒரு பெட்டியை உருவிக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "லேசான மாடல்ங்க" என்றேன். வாங்கியிருப்பார், டிரான்டர் வந்து கெடுத்துவிட்டார்.

அம்மா மட்டும் கேரவன் படப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாப்லெதார்ப் கடற்கரையில் நிரந்தரமாக நிறுத்திய கேரவன் வீடு, இரண்டு அறை. கடை ஊழியர்களுக்கான பங்குத் திட்டத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்களே, அது ஜனவரி 24-ஆம் தேதி ஐந்து வருடத்தை முடிக்கிறது. அதுவரை தொடாமல் இருந்தால் வரி இல்லாமல் விற்கலாம். அன்றைக்கு விற்று, அன்றைக்கே கேரவனுக்கு முன்பணம். பங்கு விலை நூற்று நாற்பது பென்ஸிலிருந்து எழுபத்திரண்டுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் கேட்பதில்லை. ஜனவரி வரை அந்தப் பக்கமே பார்க்க மாட்டாளாம்.

பதில் எழுது. இல்லாவிட்டால் உன் வீட்டு விலாசத்துக்கு வாத்து வரும்.

கீலி


க்ராய்டன்
12 அக்டோபர்

கீலி,

வாத்தை மன்னித்துவிட்டேன். வாளிகளுக்காக. தண்ணீரோடு வாங்கிப்போன பெரியவரை நினைத்துப் பார்சல் கிடங்கில் தனியாகச் சிரித்ததில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். கிடங்கு வேலை பகலில், நிஜமான வேலை போனில். கடைவீதிக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. பங்கை வாங்கவே வேண்டாம். விலை இறங்கும் என்று பந்தயம் கட்டினால் போதும். ஒவ்வொரு பென்னி இறங்கும்போதும் இத்தனை பவுண்டு எனக்கு, ஏறினால் அத்தனை பவுண்டு நான் தர வேண்டும். கோடையில் ஊரூராகக் கிளை வைத்த ஒரு பொம்மைக் கடைத் தொடர் விழுந்ததில் மூன்று மாதச் சம்பளம் எடுத்தேன்.

உன் எழுத்து நன்றாக இருக்கிறது. இன்னும் எழுது. அந்தக் காலிப் பெட்டிகள் எந்தெந்தப் பிரிவில்? சரக்கு லாரி வாரத்துக்கு எத்தனை? யார் அனுப்புவதை நிறுத்தியிருக்கிறார்கள்? எனக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும். போனில் வேண்டாம், கடிதமாகவே எழுது. கடிதத்தில் ஒரு சுகம் இருக்கிறது.

இருபது பவுண்டு வைத்திருக்கிறேன். தபால்தலைக்கு.

கர்டிஸ்


கிரிம்ஸ்பி
28 அக்டோபர்

கொடைவள்ளலுக்கு,

இருபதில் ஒன்பதுக்குத் தபால்தலை. மீதிக்கு ஒரு ரப்பர் எலி. டிரான்டரின் மேஜை இழுப்பறையில் வைத்தேன். திறந்தார், மூடினார், மறுபடி மெதுவாகத் திறந்து அதனிடம் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொன்னார். நாங்கள் ஆறேழு பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். அம்மாவும் இருந்தாள். எலி வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள்.

நீ கேட்ட கதைகள். லாரி முன்பு வாரம் ஐந்து, இப்போது இரண்டு. மெத்தைக் கம்பெனிக்காரன் இனி மெத்தனமாக இருக்க மாட்டானாம்: டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். டிரான்டர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, அங்கிருந்து பணம் போய், டிரைவரின் போன் மணி அடித்த பிறகுதான் பின்கதவு திறக்கிறது. போன சனிக்கிழமை இரண்டு மணி நேரம். கடைசியில் பணம் வரவில்லை, வண்டி மெத்தையோடு திரும்பிப் போயிற்று. வெளியே மூச்சு விடக்கூடாது என்று டிரான்டர் எங்களிடம் சொன்னார். உன்னிடம் விடுவது மூச்சு இல்லை, எழுத்து.

காபி பிரிவில் இருக்கும் நோரீன் ஆன்ட்டி உனக்கு நினைவிருக்கிறதா? உன் பிறந்தநாள் கேக்கெல்லாம் அவர் போட்டதுதானே. அவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டது. அரசாங்கப் பல் மருத்துவர் யாரும் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை, தனியாரிடம் போகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரை ஒரு பக்கமாகவே மெல்கிறார், ஒரு பக்கமாகவே திட்டுகிறார்.

கீலி


க்ராய்டன்
3 நவம்பர்

கீலி,

மெத்தை வண்டி அருமை. திரும்பிப் போனது எந்த சனிக்கிழமை, 20-ஆ 27-ஆ? மற்ற ஊர்க் கிளைகளிலும் இப்படித்தானா? மாடியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார். நான் கேட்டதாகச் சொல்லாதே. 15-ஆம் தேதிக்கு முன்னால் எழுது, அவசரம். ஐம்பது வைத்திருக்கிறேன்.

கர்டிஸ்


கிரிம்ஸ்பி
18 நவம்பர்

கர்டிஸ்,

வாழ்த்து, வணக்கம் எதுவும் இல்லை. உன் ஐம்பதைத் திருப்பி வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்.

வியாழக்கிழமை, நீ சொன்ன அதே 15-ஆம் தேதி, கம்பெனி அறிக்கை விட்டது. லாபம் எதிர்பார்த்ததில் பாதிகூட வராதாம். அறுபதில் இருந்த பங்கு மத்தியானத்துக்குள் முப்பத்து நாலு. நேற்றுக் காலை கடை திறப்பதற்கு முன் டிரான்டர் எங்கள் எல்லாரையும் நகராத படிக்கட்டில் வரிசையாக உட்காரவைத்து ஒரு தாளைப் படித்தார். பங்குச் சூதாடிகள் கூடிப் பேசும் ஏதோ இணையப் பக்கத்திலிருந்து எடுத்தது. எழுதியவன் பெயர் 'கிரிம்ஸ்பி எலி'.

மெத்தை வண்டி. இரண்டு மணி நேரம். விலைச்சீட்டோடு வாளி. "லேசான மாடல்ங்க." என் வாயிலிருந்து வந்த நகைச்சுவையை டிரான்டர் ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறார், ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோரீன் ஆன்ட்டியின் கழுத்து.

இறங்கி வரும்போது அம்மா சொன்னாள்: "நம்மகூட உக்காந்து டீ குடிச்சவங்கதான் யாரோ. வெளியாளுக்கு இவ்வளவு தெரியாது. கூசலையா அவங்களுக்கு?"

கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். சிரிக்காதே, நிஜமாக.

கடிதத்தில் ஒரு சுகம் இருக்கிறது என்றாயே. இப்போது புரிகிறது. போனில் எழுதினால் நாளைக்கு யாராவது தோண்டி எடுப்பார்கள், கடைக்குள்ளிருந்து சேதி வாங்கிப் பந்தயம் கட்டினால் ஜெயில் என்று எனக்குக்கூடத் தெரியும். காகிதம் என்றால் அடுப்பில் போடலாம். தங்கையின் கடிதத்தைப் படித்துவிட்டு எரிக்கிறவனா நீ? அம்மாவின் பங்கும் அதே கூடையில்தான் இருக்கிறது என்று தெரிந்தே, அது விழ விழ நீ காசு எண்ணினாயா? பங்கே இல்லாமல் எல்லாப் பாவத்திலும் பங்கு.

எவ்வளவு எடுத்தாய்? சொல். தொகையைத் தெரிந்துகொண்டு அருவருக்கிறேன்.

கீலி


க்ராய்டன்
22 நவம்பர்

கீலி,

கூரையில் ஓட்டை போட்டது நானா? படிக்கட்டை நிறுத்தியது நானா? போன வருடம்கூட லாபத்தையெல்லாம் மேலே இருக்கிறவர்கள் தங்களுக்குப் பிரித்துக்கொண்டார்கள், கூரைக்கு ஒரு பவுண்டு செலவழிக்கவில்லை. அவர்களைப் பார்த்து வாந்தி எடு. நான் சாகிறதைச் சாகிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

ஜூலையில் சண்டை எதற்கு என்று உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். விற்றுவிடு என்றேன். நூற்றுப்பத்தில் இருந்தது. வரி போனாலும் பரவாயில்லை, இன்றைக்கே விற்று வெளியே வா என்றேன். அந்தக் கடைச் சம்பளத்தில் வளர்ந்தவன் அதற்குக் குழி தோண்டுகிறாயா என்று கேட்டாள். உன் கடை பிணம், நீ அதற்குத் திரை தைக்கிறாய் என்றேன். அதுதான் நடந்தது.

ஆறாயிரத்து நானூறு எடுத்திருக்கிறேன். அதை அப்படியே மறுபடி வைத்திருக்கிறேன், கடை இன்னும் இறங்கும் என்று. இது பூஜ்யத்துக்குப் போனால் என் கையில் இருபதாயிரத்துக்கு மேல் நிற்கும். அதில் பன்னிரண்டாயிரம் அம்மாவுக்கு. அவள் பங்குகள் உச்சத்தில் இருந்தபோதுகூட ஒன்பதாயிரத்தைத் தாண்டவில்லை. கேரவனை முழுக் காசு கொடுத்தே வாங்கலாம். அவள் அந்தக் கடையை நம்பினாள், நான் அதன் சாவை நம்பினேன். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் பந்தயம் இருந்தால் வீடு தோற்காது. இது உனக்குப் புரிய வயது போதாது.

வேண்டுமானால் நீயே அவளிடம் விற்கச் சொல்லிப் பார். எப்படித் தெரியும் என்று கேட்பாள், யோசித்து வைத்துக்கொள்.

கர்டிஸ்


கிரிம்ஸ்பி
25 நவம்பர்

கர்டிஸ்,

சொல்லிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஹாடக் மீனும் சிப்ஸும் வாங்கி வந்து, வினிகரை அவளுக்குப் பிடித்த மாதிரி ஊற்றி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து விற்றுவிடச் சொன்னேன். இன்னும் இரண்டு மாதம்தானே என்றாள். இப்போது எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போய்விடுமாம். மூன்றில் ஒரு பங்கு போவதைக் காப்பாற்ற முழுசையும் விடுவாயா என்று கேட்டேன். வெகு நேரம் சிப்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"வரி மட்டும் இல்ல கீலி. அந்தத் திட்டத்துக்கு ஃபாரத்தத் தூக்கிட்டு மாடி மாடியா போனது யாரு? நான்தான். முப்பத்தோரு பேருகிட்ட கையெழுத்து வாங்கினேன். நோரீன் வேணாம்னுதான் சொன்னா, நான்தான் புடிச்சு போடவச்சேன். இப்ப நான் மட்டும் முதல்ல எறங்கிப் போனா, நாளைக்கு அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

முட்டாள்தனம்தான். ஆனால் உன் புத்திசாலித்தனத்தைவிட நாற்றம் குறைவு.

உன் பன்னிரண்டாயிரத்தைப் பற்றி: கடையில் வேலை செய்கிற நூற்றிருபது பேர் தெருவுக்கு வந்தால் அம்மாவுக்குக் கேரவன். அதில் அவள் தூங்குவாள் என்று நினைக்கிறாயா? வீடு தோற்காதாம். வீட்டை வைத்துச் சூதாடுகிறவன் பேச்சு இது.

கீலி


கிரிம்ஸ்பி
9 டிசம்பர்

கர்டிஸ்,

இரண்டு வாரம் யோசித்தேன். கோபம் சோறு போடாது, கல்லூரிக் கட்டணமும் கட்டாது. என்னிடம் ஒரு சேதி இருக்கிறது. இந்த முறை ஐம்பதுக்கெல்லாம் கிடையாது. உன் வரவில் பத்தில் ஒன்று எனக்கு. சம்மதமானால் மேலே படி, இல்லாவிட்டால் அடுப்பில் போடு.

சம்மதம் என்றுதான் எனக்குத் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். நல்ல கோட்டு, கையில் அளவு நாடா. ஒவ்வொரு மாடியாக அலமாரி, கல்லா, விளக்கு எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்தார்கள். டிரான்டர் புது டை கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பேச்சு நம் ஊர்ப் பேச்சு இல்லை. அம்மாவிடம் எந்தத் துணி அதிகம் போகிறது, எத்தனை வருடமாக இருக்கிறாய் என்று கேட்டு, எங்கள் ஊரிலும் திரைக்கு மதிப்பு உண்டு என்றார்களாம். ஒருவரின் பை மேல் டென்மார்க் விலாசம். போகும்போது டிரான்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, புது வருடத்தில் பார்ப்போம் என்றார்கள். முழுக் கம்பெனியையும் வாங்கப் போகிறார்கள். மாடியில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள்.

இறங்கும் என்று கட்டியதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. எழுந்து ஓடு.

கீலி


க்ராய்டன்
19 டிசம்பர்

கீலி,

நீ வளர்ந்துவிட்டாய். கடைசியில் நம் ரத்தம்.

இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு ஓடினேன், ஆனால் சும்மா ஓடவில்லை. பழைய பந்தயத்தை முப்பத்தொன்றில் முடித்துவிட்டு, எல்லாவற்றையும் ஏறும் பக்கம் வைத்தேன். எலியும் தன் வேலையைச் செய்தது. டென்மார்க் என்று ஒரு சொல் போட்டேன், அவ்வளவுதான், மூன்று நாளில் நாற்பத்து மூன்று. வாங்கும் சேதி உறுதியானால் எண்பது. உன் பத்தில் ஒன்று பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் பங்கும் ஏறுகிறதே, இப்போது யாருக்கும் குறை இல்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

கர்டிஸ்


கிரிம்ஸ்பி
10 ஜனவரி 2019

கர்டிஸ்,

நேற்றே செய்தியில் பார்த்திருப்பாய். காலை ஏழு மணிக்குக் கம்பெனி திவால் என்று நிர்வாகிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பங்கு பூஜ்யம், வர்த்தகமே நிறுத்தம். முப்பத்தொன்பது கடையும் பிப்ரவரிக்குள் மூடல். எங்களை மறுபடி அந்தப் படிக்கட்டில் உட்காரவைத்தார்கள். டிரான்டர் அழுதார். அவர் மேஜையில் எலி வைத்தவள் நான் என்பதை நினைத்துக்கொண்டேன்.

அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். நல்ல கோட்டு, அளவு நாடா. கழுத்தில் தொங்கிய அட்டையில் ஏலக் கம்பெனியின் பெயர். லீட்ஸ்காரர்கள், இந்த நாட்டு ஆட்கள்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து அளந்தது உண்மை. படம் எடுத்தது உண்மை. அம்மாவிடம் திரை பேசியது, டென்மார்க், இரண்டு கைக் குலுக்கல், புது வருடம் எல்லாம் நான் சமைத்தது. பத்தில் ஒன்று கேட்டதும் நடிப்பு. என்னைத் திருடி என்று நினைத்தால்தான் நீ என்னை நம்புவாய் என்று கணக்குப் போட்டேன், கணக்கு சரியாக இருந்தது. நீ பயந்து பந்தயத்தை முடித்துக்கொண்டு வெளியே போவாய், அம்மா தோற்கிற தோல்வியில் நீயாவது காசு பார்க்காமல் இருப்பாய் என்பதுதான் திட்டம். நீ திரும்பி நின்று அடுத்த பக்கம் கட்டுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. எலி வாயைத் திறக்கும் என்றும் தோன்றவில்லை. இரண்டும் தோன்றியிருக்க வேண்டும், உன்னை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும்.

விலை ஏறிய மூன்று நாளும் கடை முழுக்கத் திருவிழா. அம்மா முதல் தடவையாக எட்டிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று. "பாத்தியா" என்று மட்டும் சொன்னாள், அந்த முகத்தை நான் மறக்க முடியாது. இப்போதாவது விற்கிறாயா என்றேன். இறங்கும்போதே விற்காதவள் ஏறும்போதா விற்பாள்?

நோரீன் ஆன்ட்டி மருமகனின் போன் வழியாகப் புதிதாக வாங்கினார். பல்லுக்கு வைத்திருந்த அறுநூறு பவுண்டு. அம்மா சொன்னாளாம், இனி பயமில்லை நோரீன் என்று.

என் வேடிக்கை, உன் எலி, அம்மாவின் வாக்கு. மூன்று பேரும் சேர்ந்து ஒரு கிழவியின் வாயில் கை வைத்துவிட்டோம். எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூடும் விற்பனை முடிந்ததும் எதிரே இருக்கும் செருப்புக் கடையில் சேர்கிறேன். அது வேறு தொடர், வேறு முதலாளி. வேலை வேலைதானே.

கீலி


க்ராய்டன்
15 ஜனவரி

கீலி,

ஆறாயிரத்து நானூறும் போயிற்று. அதற்குமேல் இரண்டாயிரத்து நூறு நான் கட்ட வேண்டும் என்று பந்தயக் கம்பெனியிலிருந்து தாள் வந்திருக்கிறது. முதலில் நீதான் விளையாடுகிறாய் என்று நினைத்தேன். இந்த முறை வாத்து இல்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். டிசம்பரில் இரண்டு பேர் வந்து அலமாரியை அளந்தார்கள் என்று அந்த ஒரே ஒரு வரியை மட்டும் எழுதியிருந்தால், அவர்கள் யார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும். வாங்க வருகிறவன் கணக்குப் புத்தகத்தைக் கேட்பான். அலமாரியை அளக்கிறவன் அதைப் பிரித்து விற்க வந்தவன். உன் பொய்யால் உண்மையை மறைத்துவிட்டாய். அம்மாவுக்குப் பன்னிரண்டாயிரம் கிடைத்திருக்கும். அந்தக் கிழவியின் பல்லும் சேர்த்துக் கட்டியிருக்கலாம்.

போகட்டும். கோபம் இல்லை. நீயும் தோற்றாய், நானும் தோற்றேன்.

அந்தச் செருப்புக் கடைத் தொடரைப் பற்றி இங்கே பலரும் பேசுகிறார்கள். சேர்ந்த பிறகு, லாரி வாரத்துக்கு எத்தனை வருகிறது, பின் அறையில் பெட்டிகளில் செருப்பு இருக்கிறதா என்று சும்மா பார்த்துச் சொல். சும்மாதான். இந்த முறை பாதிக்குப் பாதி, பொய் இல்லாமல்.

கர்டிஸ்


கிரிம்ஸ்பி
27 ஜனவரி

கர்டிஸ்,

மூடும் விற்பனை மூன்றாவது வாரம். எல்லாம் போக வேண்டும் என்று ஜன்னல் முழுக்க மஞ்சள் எழுத்து. தள்ளுபடி என்ற சொல்லுக்கு இப்போதுதான் பொருள் தெரிகிறது: தள்ளுகிறார்கள், படியிலிருந்தே தள்ளுகிறார்கள். பத்து வருடமாக உள்ளே எட்டிப் பார்க்காத ஊர் முழுதும் வந்துவிட்டது. உடை மாட்டும் பொம்மையின் இடது கையை மட்டும் தனியாகக் கேட்கிறான் ஒருவன். ஒரு பெண் ஒழுகலுக்கு வைத்த வாளியைக் கவிழ்த்துத் தரையிலேயே ஊற்றிவிட்டு ஐம்பது பென்ஸுக்குத் தூக்கிப்போனாள். மூன்றாவது மாடியில் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி ஒருவர் விலை கேட்டார். அம்மா எழுந்து கொடுத்தாள். நாலு பவுண்டு. அதற்குப் பிறகு நாள் முழுக்க நின்றாள்.

வியாழக்கிழமை 24. அன்று அவள் பெயருக்குத் தபால் வந்தது, பங்குத் திட்டத்திலிருந்து, இயந்திரம் தானாக அனுப்பியது. ஐந்து வருடம் முடித்ததற்கு வாழ்த்து, இனி உங்கள் பங்குகளை வரி எதுவும் இல்லாமல் விற்கலாம் என்று. அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு மடித்து கேரவன் படப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளி முதல் டென்மார்க் வரை. மறுநாள் காபி பிரிவுக்குப் போய் நோரீன் ஆன்ட்டியிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே மேஜையைத் துடைத்தார். பிறகு எல்லாருக்கும் டீ ஊற்றினார், டிரான்டருக்கு, ஏலக்காரர்களுக்கு, எல்லாருக்கும். எனக்கு ஊற்றவில்லை. என் மூடும் விற்பனைச் சம்பளத்தை அவர் பல்லுக்குத் தர முடிவு செய்திருக்கிறேன். வாங்கிக்கொள்வாரா என்று தெரியாது. அறுநூறுக்கு இன்னும் நிறைய சனிக்கிழமைகள் வேண்டும்.

உன் கடிதங்களை நான் எரிக்கவில்லை. அம்மா கேட்டாள், கொடுத்தேன். சமையலறை மேஜையில் ஐந்தையும் தேதிப்படி அடுக்கிவைத்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் அவளைப் பார்க்காமல் கெண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு கடுதாசி" என்றாள். "லாரி கேட்டிருக்கான், பெட்டி கேட்டிருக்கான், மாடில என்ன பேசுறாங்கன்னு கேட்டிருக்கான். அம்மா எப்படி இருக்கான்னு ஒரு எடத்துலயாவது கேட்டிருக்கானா பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன், ஓரத்தில்கூடப் பார்த்தேன்.

"இல்லம்மா."

"நீ எழுதினதுல நான் இருந்தேனா?"

கேரவனைப் பற்றி எழுதினேன் என்றேன்.

"சிரிக்கிற மாதிரியா?"

ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தாள்களை அடுக்கி உறைகளில் போட்டாள். ஒன்றைக்கூட உறை மாற்றிப் போடவில்லை.

செருப்புக் கடையைப் பற்றிக் கேட்டாய். நான் சேர்ந்தால் அங்கே செருப்பு விற்பேன். உனக்கு அதில் ஒரு ஜோடிகூடக் கிடையாது.

இந்தக் கடிதத்தை அம்மா எதிரே உட்கார்ந்து முழுதும் படித்தாள். நாற்காலி நாலு பவுண்டு இல்லை, மூன்றரைதான் என்று திருத்தினாள். உறையை ஒட்டுவது அதற்குப் பிறகுதான். இனிமேல் இந்த வீட்டிலிருந்து போகிறதும் வருகிறதும் முதலில் அவள் கையில்தான் பிரியும். அது தெரிந்தும் எழுத உனக்கு ஏதாவது இருந்தால், எழுது.

கீலி